டெல்டா வீட்டுக்கு எந்த ஹீட்டர் சரிப்படும்?

புரட்டாசி முடியும் நேரத்தில், தீபாவளிக்கு முன்னால், எங்கள் பக்கத்தில் ஹீட்டர் விசாரிப்பு ஆரம்பித்துவிடும். எத்தனை லிட்டர் வாங்கலாம், எந்த கம்பெனி நல்லது, சோலார் போட்டால் கரண்ட் பில் மிச்சமாகுமா என்றெல்லாம் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எல்லாம் சரியான கேள்விகள்தான், ஆனால் அதற்கு முன்னால் தெரிய வேண்டியது இரண்டு: உங்கள் வீட்டுக் குழாயில் வருவது எப்படிப்பட்ட தண்ணீர், வெந்நீர் வேண்டியிருப்பது யாருக்கு. டெல்டாவில் தண்ணீரைச் சூடாக்குவது பெரிய வேலையே இல்லை. எந்த எந்திரமும் செய்துவிடும். அந்த எந்திரத்தை நம் தண்ணீர் எத்தனை வருஷம் விட்டுவைக்கும் என்பதில்தான் காசு இருக்கிறது.

ஏன் பெரிய வேலை இல்லை என்கிறேன் என்றால், தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் மார்கழி விடியற்காலையில்கூட 21, 22 டிகிரிதான். மாடி டேங்கில் இரவு முழுக்கக் கிடந்த தண்ணீர் ஏறக்குறைய 24 டிகிரியில் இருக்கும். விளாவிக் குளிக்கிற பதம் 39, 40 டிகிரி. ஆக நாம் ஏற்ற வேண்டியது 15 டிகிரி மட்டும். ஊட்டியில் குளிர்காலத்தில் இதைப்போல இரண்டு மடங்கு ஏற்ற வேண்டியிருக்கும். அங்கே இருப்பவர் சொல்லும் யோசனையும், டெல்லிக்காரர்களை மனதில் வைத்து எழுதிய ஹீட்டர் விமர்சனமும் மன்னார்குடி வீட்டுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான். இன்னொன்று, நிலத்தடி நீர் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டில், 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். மார்கழியில் பம்புசெட்டில் குளித்தவர்களுக்கு அந்த வெதுவெதுப்பு தெரியும். ஆரோக்கியமான ஆளுக்கு, காலையில் மோட்டாரைப் போட்டு நேராக போரிலிருந்து வரும் தண்ணீரைப் பிடித்துக் குளித்தால் ஹீட்டரே தேவையில்லை. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, 30 வயது ஆள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு என் முதல் யோசனை இதுதான்.

ஆனால் வீடென்றால் இரண்டு பேர் மட்டும் இல்லையே. மூட்டு வலிக்கிற பாட்டி இருப்பார், கைக்குழந்தை இருக்கும், பிரசவத்துக்கு வந்த மகள் இருப்பாள், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு வெந்நீர் வேண்டும், அதுவும் நேரத்துக்கு வேண்டும்.

கணக்கை ஒரு தடவை போட்டுவிடலாம். 20 லிட்டர் வாளித் தண்ணீரை 15 டிகிரி ஏற்ற 300 கிலோ கலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி. ஆக வாளிக்கு 0.35 யூனிட். நாலு பேர் தினம் ஆளுக்கு ஒரு வாளி என்றால் இரண்டு மாத பில்லில் 84 யூனிட், அங்கே இங்கே வீணாவதையும் சேர்த்து 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியிலிருந்து மாசி வரைதான் இந்தச் செலவு. யாராவது ஹீட்டர் வைத்தால் பில் ஆயிரக்கணக்கில் ஏறும் என்று பயமுறுத்தினால் இந்த எண்ணைக் காட்டுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: ஏற்கெனவே ஏசி ஓடி பில் 500 யூனிட்டை ஒட்டி இருக்கிற வீடாக இருந்தால், அந்தக் கோட்டைத் தாண்டும்போது மேலே போன யூனிட்டுக்கு மட்டுமில்லாமல் கீழே இருக்கும் சில யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். நல்லவேளை, ஏசி ஓடும் மாதமும் ஹீட்டர் ஓடும் மாதமும் நம் ஊரில் ஒன்றாக வருவதில்லை.

முதலில் விறகு. இதைப் பழசு என்று தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கொல்லையில் நாலு தென்னை நிற்கிற வீட்டில் மட்டை, பாளை, பன்னாடை, கொட்டாங்குச்சி என்று வருஷம் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும், அதை அள்ளிப் போடுவதே ஒரு வேலை. அண்டாவை ஏற்றிக் கொல்லை அடுப்பில் எரித்தால் பத்துப் பேருக்கு வெந்நீர் ஆகிவிடும், தீபாவளி விடியற்காலையில் வீடு நிறைய ஆள் இருக்கும்போது எந்த ஹீட்டரும் இதற்கு ஈடு கொடுக்காது. நடுவில் குழாய் வைத்த செப்பு பாய்லர் இன்னும் சிக்கனம், தீ தண்ணீருக்கு உள்ளேயே இருப்பதால் ஒரு கூடை கொட்டாங்குச்சியில் வேலை முடிந்துவிடும். கும்பகோணத்துப் பாத்திரக் கடைகளில் இப்போதும் கிடைக்கிறது. விலை கொஞ்சம் பயமுறுத்தும், ஆனால் பழைய செம்புக்கு எப்போதும் விலை உண்டு.

குறை என்னவென்றால் புகை, அப்புறம் மழை. நமக்கு வெந்நீர் அதிகம் வேண்டியிருக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் விறகெல்லாம் நனைந்து கிடக்கும். தாழ்வாரத்தில் பத்து நாளுக்கான மட்டையை உலர்த்தி அடுக்கிவைக்க இடமும் ஆளும் இருந்தால்தான் இது நடக்கும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஊதாங்குழலோடு உட்காரப்போவது யார் என்பதையும் வீட்டில் நேர்மையாகப் பேசிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது அம்மாவாகவோ மருமகளாகவோ இருக்கிறது. அவர்களுடைய நுரையீரலைச் செலவழித்துக் கரண்ட் பில்லை மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது. பாய்லரைக் குளியலறைக்குள் வைத்து எரிக்கவே கூடாது, திறந்த இடத்தில்தான் இருக்க வேண்டும்.

இருந்தாலும் விறகு அடுப்பை இடித்துவிடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை பக்கம் பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் கைக்குழந்தைக்கு வெந்நீர் கொடுத்தது கொல்லை அடுப்புதான்.

கேஸ் அடுப்பில் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாளிக்கு ஏறக்குறைய 45 கிராம் கேஸ் பிடிக்கும், நாலு பேருக்கு இரண்டு மாதத்தில் முக்கால் சிலிண்டர். சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் 675 ரூபாய், அதே வேலைக்கு மின்சாரம் யூனிட் 5 ரூபாய் என்றால்கூட 500 தாண்டாது. செலவைவிட எனக்குக் கவலை, கொதிக்கிற தண்ணீரைத் தவலையோடு தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து கொல்லை வரை நடப்பது. நடுவில் குழந்தை ஓடிவந்தால் போதும். ஒருவருக்கு, என்றைக்காவது, சரி. தினசரி ஏற்பாடாக வேண்டாம்.

ஹீட்டர் ராடு. மலிவு, எங்கும் கிடைக்கும், 1500 வாட் ராடு ஒரு வாளியைக் கால் மணி நேரத்தில் சூடாக்கிவிடும், சூடாக்கும் திறனில் பெரிய ஹீட்டருக்குக் குறைந்ததில்லை. ஆனாலும் நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. பழைய வீடுகளில் எர்த் பேருக்குத்தான் இருக்கிறது. கம்பியை எங்கோ சுவருக்குள் விட்டிருப்பார்கள், குழிக்குள் உப்பும் கரியும் போட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ தெரியாது. சூடாகிவிட்டதா என்று ஸ்விட்சை அணைக்காமல் விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு, நம் உப்புத் தண்ணீரோ நல்ல தண்ணீரைவிட அதிகமாக மின்சாரத்தைக் கடத்தும். இன்று வேறு வழியில்லை என்றால் பிளாஸ்டிக் வாளி, ராடு முழுகுகிற அளவுக்குத் தண்ணீர், பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கை. கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்ச் போடாத வீட்டில் அதுவும் வேண்டாம்.

இப்போது பெரும்பாலான வீடுகள் வந்து நிற்கிற இடம்: இன்ஸ்டன்ட் ஹீட்டரா, டேங்க் வைத்த ஹீட்டரா? இன்ஸ்டன்ட் என்பது 1 அல்லது 3 லிட்டர் பிடிக்கிற சின்னப் பெட்டி, 3000 வாட். மலைப்பகுதியில் இதைக் கிண்டல் செய்வார்கள், தண்ணீர் சில்லென்றே வரும் என்று. நம் ஊரில் 15 டிகிரிதான் ஏற்ற வேண்டும் என்பதால் 3000 வாட்டுக்கு நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 3 லிட்டர் சுகமான சூட்டில் வரும், வாளி நிறைய ஏழு நிமிஷம். ஒருவர் குளித்து முடிப்பதற்குள் அடுத்தவருக்கு வாளி தயார். ஆக, வாளியில் மொண்டு குளிக்கிற வீட்டுக்கு, டெல்டாவில், இன்ஸ்டன்ட் தாராளமாகப் போதும். ஷவர் என்றால் போதாது.

இதில் வோல்டேஜ் விஷயம் ஒன்று இருக்கிறது. டிரான்ஸ்பார்மருக்குத் தூரமாக, லைன் கடைசியில் இருக்கிற வீடுகளில் சுற்றிலும் மோட்டார் ஓடும் நேரம் 180 வோல்ட்தான் வரும். அப்போது 3000 வாட் ஹீட்டர் 1840 வாட் வேலைதான் செய்யும், ஏனென்றால் வோல்டேஜ் குறையும்போது சூடு அதன் வர்க்கத்தில் குறைகிறது. ஹீட்டருக்குக் கெடுதல் எதுவுமில்லை, ஏழு நிமிஷம் பதினொன்றரை நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். விடியற்காலையில் கரண்ட் போகிற ஊர் என்றால் இன்ஸ்டன்ட் கைவிட்டுவிடும். டேங்க் ஹீட்டரோ இரவு படுக்கும் முன் சூடாக்கி அணைத்தாலும் காலைக்குச் சூடு நிற்கும். மழைக்காலத்தில் இது பெரிய விஷயம்.

டேங்க் ஹீட்டரில் எத்தனை லிட்டர்? கடையில் 25 லிட்டரைத் தள்ளப் பார்ப்பார்கள். 15 லிட்டர் டேங்க்கை 60 டிகிரிக்கு ஏற்றினால் 24 டிகிரித் தண்ணீரோடு விளாவி 36 லிட்டர் கிடைக்கும், ஏறக்குறைய இரண்டு வாளி. அடுத்த 15 லிட்டர் 2000 வாட்டில் இருபது நிமிஷத்துக்குள் தயார். நாலு பேர் வீட்டுக்கு 15 தாராளம், தாத்தா பாட்டி இருவர் மட்டும் என்றால் 10 போதும். 25 லிட்டர், மாடி வீட்டில் ஷவரும் கூட்டமும் இருந்தால் மட்டும். அதேபோல 8 பார் அழுத்தம் தாங்கும் என்று காட்டி விலை சொல்வார்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குத்தான் 1 பார். உங்கள் டேங்க் குழாய்க்கு 3 மீட்டர் மேலே இருந்தால் அழுத்தம் 0.3 பார். பிரஷர் பம்ப் வைக்காத தனி வீட்டுக்கு அந்த 8 பார் எதற்கு?

சரி, தண்ணீர் விஷயத்துக்கு வருவோம், இதுதான் முக்கியம். திருவையாறு, பாபநாசம் பக்கம் ஆற்றை ஒட்டிய ஊர்களில் தண்ணீர் நன்றாக இருக்கும், எந்த ஹீட்டர் வாங்கினாலும் நிற்கும். கிழக்கே போகப் போக, தலைஞாயிறு, வேதாரண்யம், நாகப்பட்டினம் என்று கடைமடைக்குப் போனால் போர் தண்ணீர் உப்பு. குடிக்கக் கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் வருகிறது, குளிக்கப் போர்தான். நடுவிலும் ஒரே தெருவில் ஒரு வீட்டில் நல்ல தண்ணீர், அடுத்த வீட்டில் உப்பு என்று இருக்கும், ஊர்ப் பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. சோப்பு நுரைக்கிறதா, வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்று பாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் (டிடிஎஸ்) காட்டும் மீட்டர் சில நூறு ரூபாய்தான், தெருவுக்கு ஒன்று வாங்கிவைத்தால்கூடப் போதும்.

வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. அது ஹீட்டர் காயிலின் மேல் ஓடுபோல் ஒட்டிக்கொள்ளும், உள்ளே சூடு அடைபட்டு காயில் வெடிக்கும். 60 டிகிரிக்கு மேல் இந்தப் படிவு வேகமாகச் சேரும், அதனால் கடினத் தண்ணீர் வீட்டில் தெர்மோஸ்டாட்டை 50, 55க்கு மேல் வைக்காதீர்கள். நமக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. உப்பு, அதாவது குளோரைடு, வேறு விதமான எதிரி. அது டேங்க்கையே தின்னும். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று நம்பி ஸ்டீல் டேங்க் வாங்குகிறார்கள், உப்புத் தண்ணீரில் வெல்டிங் ஓரமாகப் பொடிப்பொடியாய் ஓட்டை விழும். உட்புறம் கண்ணாடிப் பூச்சு போட்ட டேங்க் அல்லது பிளாஸ்டிக் டேங்க் எடுங்கள், காயில், எளிதில் அரிக்காத இன்கலாய் என்ற உலோகக் கலவையில் உறை போட்டதாக இருக்கட்டும். டேங்க்குக்குள் மெக்னீசியம் தண்டு ஒன்று தொங்கும், ஆனோடு என்பார்கள். டேங்க்குக்குப் பதிலாகத் தான் கரைவதுதான் அதன் வேலை. அதை யாரும் கழற்றிப் பார்ப்பதே இல்லை. உப்புத் தண்ணீர் ஊரில் வருஷம் ஒரு தடவை, புரட்டாசியில் சீசன் தொடங்கும் முன், பார்த்து மாற்றினால் டேங்க் பிழைக்கும். வாங்கும்போதே வாரண்டி அட்டையில் டிடிஎஸ் வரம்பு போட்டிருக்கிறதா என்று படியுங்கள். நிறைய கம்பெனிகள் போட்டிருக்கும், அந்த வரம்புக்கு மேல் உங்கள் தண்ணீர் இருந்தால் ஏழு வருஷ வாரண்டி வெறும் காகிதம். இன்ஸ்டன்ட்டில் இந்த நஷ்டம் குறைவு. பெட்டியே மலிவு, போனால் காயிலை மாற்றிக்கொள்ளலாம். கடைமடை ஊர்க்காரர்களுக்கு நான் இன்ஸ்டன்ட் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

கேஸ் கீசர் வேண்டாம். காரணம் சொல்கிறேன். அது எரியும்போது குளியலறைக் காற்றையே குடிக்கிறது, ஜன்னல் சாத்திய சின்ன அறையில் ஆக்சிஜன் குறைந்ததும் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, மூச்சு முட்டுகிற உணர்வும் வராது, தலை சுற்றி விழுந்துவிடுவார்கள். நம் நாட்டில் இப்படி நிறையப் பேர் குளியலறைக்குள்ளேயே இறந்திருக்கிறார்கள். வெளிச்சுவரில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவந்தால் ஆபத்து இல்லை, ஆனால் நம் வீட்டு டேங்க் உயரத்துக்கு அழுத்தம் போதாமல் பர்னர் பற்றாமலே நிற்பதும் உண்டு. ஏற்கெனவே உள்ளே மாட்டியிருந்தால் தயவுசெய்து இந்த வாரமே வெளியே மாற்றுங்கள்.

சோலார் ஹீட்டர் எல்லோருக்கும் ஆசை. பெங்களூருவில் மாடிக்கு மாடி இருக்கிறது, அங்கே நன்றாகவே உழைக்கிறது. இங்கே கணக்கு வேறு. நமக்கு மழை அதிகம் பெய்வது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முன்பாதி. வெந்நீர் வேண்டியிருப்பதும் அப்போதுதான். வாரக்கணக்கில் மூடிய வானத்தில் சோலார் பாதிச் சூடு கொடுத்தாலே அதிகம், உள்ளே இருக்கும் கரண்ட் காயிலைப் போட்டுத்தான் குளிக்க வேண்டும். சித்திரையில் அது தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காத்திருக்கும், ஆனால் சித்திரையில் கறுப்பு டேங்க்கிலிருந்தே மத்தியானம் கை வைக்க முடியாத தண்ணீர் வருகிறது, வெந்நீர் யாருக்கு வேண்டும்? தையில் வானம் தெளிந்த பிறகு ஒன்றரை மாதம் நன்றாக உழைக்கும், மறுக்கவில்லை. அப்புறம் தென்னை. மட்டையோ காயோ கண்ணாடிக் குழாய் மேல் விழுந்தால் தீர்ந்தது. நாட்டு ஓட்டு வீட்டில் பேச்சே இல்லை, 100 லிட்டர் என்றால் தண்ணீரே 100 கிலோ. உப்புத் தண்ணீர் என்றால் செம்புக் குழாய் வைத்த பிளேட் வகை அடைத்துக்கொள்ளும், கண்ணாடிக் குழாய் வகை கொஞ்சம் தாங்கும்.

தளம் போட்ட மாடியும், தெற்கே நிழலில்லாத இடமும் இருந்து, சூரியனில் காசு போட விருப்பமும் இருந்தால் அந்த இடத்தில் மின்சாரப் பேனல் போடுங்கள். 2024இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. சித்திரை வெயிலில் சோலார் ஹீட்டர் சும்மா கொதிக்கும் நேரத்தில் பேனல் உங்கள் ஏசியை ஓட்டும், மிச்சமாகும் கரண்ட் லைனுக்குப் போய், நெட் மீட்டர் வழியாக உங்கள் பில் கணக்கில் சேரும். சோலார் ஹீட்டர், வருஷம் முழுக்க ஆள் வந்துபோகிற லாட்ஜுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் சரி. ஹீட் பம்ப்பும் அப்படித்தான். காற்றில் இருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றுவதால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குச் சூடு தரும் அருமையான எந்திரம், நம் வெப்பத்துக்குப் பொருத்தமானது, ஆனால் வருஷம் நாலைந்து மாதம் நாலு வாளி சூடாக்கும் வீட்டில் போட்ட காசு திரும்பாது.

ஆக, நான் வீட்டைப் பார்த்துச் சொல்வது இப்படி இருக்கும். கும்பகோணத்தில், நல்ல தண்ணீர், நாலைந்து பேர், விடியற்காலை கரண்ட் போகும் என்றால் 15 லிட்டர் டேங்க் ஹீட்டர், 2000 வாட். வேதாரண்யம் பக்கம், உப்புத் தண்ணீர், வாளிக் குளியல் என்றால் 3 லிட்டர் இன்ஸ்டன்ட், ஒரு உபரி காயில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பெரிய ஓட்டு வீடு, கொல்லையில் தென்னை, வயரிங் பழசு என்றால் முதலில் செப்பு பாய்லர், அப்புறம் வயரிங்கை மாற்றிய பிறகு பாட்டியின் குளியலறைக்கு மட்டும் ஒரு 10 லிட்டர். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பி, வயதான இருவர் மட்டும் இருக்கும் வீடு என்றால், லிட்டரைப் பற்றி யோசிக்காமல் முதலில் குளியலறையில் கைப்பிடிக் கம்பியும், கொதிநீர் நேராக மேலே கொட்டாதபடி தெர்மோஸ்டாட்டைக் குறைத்து வைப்பதும்.

மாட்டும்போது பார்க்க வேண்டியவை: 3000 வாட் என்றால் 13 ஆம்பியர் இழுக்கும், அதனால் 16 ஆம்பியர் பிளக்கும், போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் வயரும் வேண்டும், பழைய ஃபேன் லைனில் கொக்கி போடக் கூடாது. வெந்நீர் போகிற குழாய் சிபிவிசியாக இருக்க வேண்டும், சாதாரணப் பிவிசி இளகிவிடும். டேங்க் ஹீட்டருக்கு சேஃப்டி வால்வு இல்லாமல் மாட்ட விடாதீர்கள், அதிலிருந்து சொட்டுகிறது என்று அடைத்தும் வைக்காதீர்கள். எலெக்ட்ரீஷியன் கிளம்பும் முன் உங்கள் கண் முன்னால் எர்த்தைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள், ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுகிறதா என்று பாருங்கள், விழாவிட்டால் அதை மாற்றும்வரை ஹீட்டரைப் போடாதீர்கள்.